டப்பாக் கம்பெனியின் நட்புப் பலகை

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்த தகர டப்பாக் கம்பெனியில் வேலை செய்தவர்களுக்கு, தங்களிடையே நட்பு இல்லை என்ற விஷயம் எழுபத்திரண்டாம் வருஷம் வரை தெரியாமலே இருந்தது. கம்பெனிதான் கண்டுபிடித்துச் சொன்னது.

அதுவரை அவர்கள் ஒரு பீடியை இரண்டு பேர் இழுப்பதையும், ஒருவன் வீட்டுச் சாவுக்கு இன்னொருவன் பாடை கட்டுவதையும், சனிக்கிழமை சட்டையைப் பிடித்துக்கொண்டு திங்கட்கிழமை தோள்மேல் கை போட்டுக்கொண்டு வருவதையும் நட்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். தொழிலாளர் நல அதிகாரி கிருஷ்ணப்பன், எம்.ஏ., பம்பாயில் பயிற்சி பெற்றுத் திரும்பிய மறுநாளே சங்கை ஊதச்சொல்லி, எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தி, ஒலிபெருக்கியில் அந்த மயக்கத்தைத் தெளிவித்தார்.

"நண்பர்களே! நீங்கள் இன்னும் நண்பர்கள் ஆகவில்லை. இருந்தாலும் முன்கூட்டியே அப்படி அழைக்கிறேன். உங்களிடம் இருப்பது வெறும் பழக்கம். பழக்கத்துக்கு ஒழுங்கு கிடையாது. யார் யாரோடு பழகுகிறார், என்ன பேசுகிறார் என்பது நிர்வாகத்துக்குத் தெரிவதில்லை. நிர்வாகத்துக்குத் தெரியாத ஒன்று எப்படி நட்பாகும்? இன்றுமுதல் இந்தக் கம்பெனியில் நட்பு பதிவு செய்யப்படும், கண்ணுக்குத் தெரியும், எண்ணிப் பார்க்கவும் முடியும்!"

மூன்றாவது வரிசையில் நின்ற சவரிநாதன் பக்கத்தில் இருந்த சௌக்கத் அலியைப் பார்த்தார்.

"இன்னா பாய் சொல்றாரு?"

"நாம தோஸ்து இல்லியாம் மாமு."

"மெய்யாலுமா?"

"எம்.ஏ. படிச்சவரு சொல்றாரு. இத்தினி வருசம் ஏமாந்துகினு இருந்துகீறோம்."

சவரிநாதன் ராயபுரத்துக்காரர். அப்பா கட்டுமரத்தில் போனவர். மகன் பிரஸ் மிஷினில் நின்றார். தகட்டை உள்ளே தள்ளி மிதிகட்டையை மிதித்தால் அச்சு இறங்கி, பிஸ்கட் டப்பாவின் மூடியை வெட்டிவிட்டு மேலே போகும். நாளெல்லாம் அதே வேலை. அடுத்த மிஷின் சௌக்கத் அலியுடையது. சத்தத்தில் பேச முடியாது என்பதால் இருவரும் புருவத்தாலேயே பேசிப் பழகியிருந்தார்கள். சவரிநாதனின் கல்யாணத்துக்குப் பிரியாணி கிண்டியது சௌக்கத் அலி. சௌக்கத் அலியின் தம்பி கப்பலில் வேலைக்குப் போனபோது துறைமுக வாசலில் நின்று அழுதது சவரிநாதன். இதெல்லாம் பதிவாகவில்லை.

பலகை கேண்டீன் சுவரில் ஏறியது. ஆறு ஆள் தூக்கிய தேக்குப் பலகை. சுவரில் இடம் போதாததால் அங்கே மாட்டியிருந்த முதலுதவிப் பெட்டியைக் கழற்றிக் கிருஷ்ணப்பன் தம் அறையில் பூட்டிவைத்தார். நட்பு வளர்ந்தால் காயம் குறையும் என்று பம்பாயில் நிரூபித்துவிட்டார்களாம்.

நிரந்தரத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் பலகையில் ஒரு பித்தளை ஆணி. ஆணிக்கு மேலே போட்டோ, கீழே பெயர். ஒருவரோடு நட்புக்கொள்ள விரும்புகிறவர், தகரக் கழிவில் வெட்டிய வட்ட வில்லை ஒன்றை நல அலுவலகம் வழியாக அவருக்கு அனுப்ப வேண்டும். 'நான் உங்கள் நண்பராகலாமா?' என்ற கேள்வி அதில் அச்சடித்திருக்கும். பெற்றவர் சம்மதித்தால் இரண்டு ஆணிகளுக்கும் நடுவே நூல் கட்டப்படும். சம்மதிக்கும்வரை, கேட்டவரிடம் 'பரிசீலனையில் இருக்கிறது' என்று மட்டுமே சொல்ல வேண்டும். வேறு பேச்சு விதிக்குப் புறம்பானது.

போட்டோ எடுக்க வண்ணாரப்பேட்டையிலிருந்து ஸ்டூடியோக்காரர் வந்தார். சவரிநாதனின் படம் திரும்பி வந்துவிட்டது.

"உங்கள் முகத்தில் நட்புக்கான அறிகுறி இல்லை" என்றார் கிருஷ்ணப்பன்.

"மூஞ்சியே அப்டித்தான் சார்."

"சிரியுங்கள்."

"எத்தப் பாத்து சார்?"

"நிர்வாகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்."

சவரிநாதன் நினைத்துக்கொண்டார். அந்தப் படம் முதல் படத்தைவிட மோசமாக வந்தது. கடைசியில் ஸ்டூடியோக்காரரே பென்சிலால் உதட்டோரத்தைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டார். அந்தப் பென்சில் சிரிப்போடு சவரிநாதன் பலகையில் ஏறினார். வீட்டில் இதைச் சொன்னபோது அவர் மனைவி பிலோமி, "கட்டிகினு வந்த நாள்லேந்து நான் பாக்காத சிரிப்ப கம்பெனி பாத்துட்சா?" என்று கேட்டாள்.

கையை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்ற சௌக்கத் அலிக்குச் சவரிநாதன் வில்லை அனுப்பினார். அது பிரஸ் பிரிவிலிருந்து நல அலுவலகம் போய், அங்கே முத்திரை வாங்கி, மேனேஜர் அறையில் சில நாள் தங்கி, திரும்ப பிரஸ் பிரிவுக்கு வந்து சேர்ந்தது. அதுவரை இருவரும் புருவத்தால் பேசிக்கொண்டது அனுமதி பெறாத பழக்கம் என்று எச்சரிக்கப்பட்டார்கள். நூல் கட்டிய அன்று சௌக்கத் அலி சவரிநாதனின் கையைப் பிடித்துக் குலுக்கி, "வணக்கம், என் பேரு சௌக்கத் அலி" என்றார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மேஸ்திரி மிஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

ஒரு நூல் போதாது. ஐந்து நூலுக்குக் குறைந்தவர்கள் 'தனித்தோர்' என்று அறிவிக்கப்பட்டு, சனிக்கிழமை வேலை முடிந்ததும் நட்புப் பயிற்சி வகுப்பில் உட்கார வேண்டும். சவரிநாதன் உட்கார்ந்தார். நலம் விசாரிக்கும்போது தலையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று கிருஷ்ணப்பன் சொல்லிக்கொடுத்தார். வகுப்பின் முடிவில், ஏழைகளுக்கு அரிசி கொடுப்பதைப்போல் எல்லோருக்கும் தம்முடைய வில்லையைக் கொடுத்தார்.

"என்னை நண்பராக ஏற்றுக்கொள்வது உங்கள் விருப்பம். கட்டாயம் இல்லவே இல்லை. ஏற்காதவர்களின் பெயரை மட்டும் குறித்துக்கொள்வேன்."

எல்லோரும் விரும்பினார்கள். பலகையில் கிருஷ்ணப்பனின் ஆணியைச் சுற்றி நூல் தடித்து, ஆணி வளைந்து, கடைசியில் அதைப் பிடுங்கிவிட்டு இரும்புக் கொக்கி அடிக்க வேண்டியதாயிற்று. கம்பெனியிலேயே அதிகம் பேரால் நேசிக்கப்படுகிறவர் கிருஷ்ணப்பன்தான் என்று கிருஷ்ணப்பன் ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

திறப்பு விழாவுக்கு எம்.டி. வந்தார். பத்திரிகைக்காரர்களும் வந்திருந்தார்கள். நிர்வாகத்துக்கும் தொழிலாளிக்கும் இடையிலான முதல் நூலை எம்.டி. தம் கையால் கட்டுவதாக ஏற்பாடு. அது மஞ்சள் நூல். அந்த நிறம் வேறு யாருக்கும் கிடையாது. யாரோடு கட்டுவது என்று ஆராய்ந்து, படத்தில் நன்றாக இருக்கும் என்பதால், தொப்பி வைத்த சௌக்கத் அலியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

"இந்த நூல் வெறும் நூல் அல்ல" என்றார் எம்.டி. "இனி சௌக்கத் அலி என் நண்பர். அவர் விரலில் முள் குத்தினால் என் விரலில் ரத்தம் வரும்."

படம் எடுத்தார்கள். ஆனால் எம்.டி.க்கு முடிச்சுப் போடத் தெரியவில்லை. நூல் இரண்டு முறை அவிழ்ந்து விழுந்தது. செலவைக் குறைக்கக் கிருஷ்ணப்பன் பட்டு நூலுக்குப் பதிலாகக் காசிமேட்டில் வாங்கிய நைலான் வலை நூல் அது. வழுக்கும். பக்கத்தில் நின்ற சவரிநாதனைக் கட்டச் சொன்னார்கள். அவர் வலைக்குப் போடும் முடிச்சைப் போட்டார். எம்.டி. விரலால் தொட்டுக்கொண்டார். கைதட்டல்.

கைதட்டலுக்கும் விதி உண்டு. தினமும் காலையில் ஒலிபெருக்கியில் உறுப்பினர் செய்திகள் வாசிக்கப்படும். யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, யார் புது சைக்கிள் வாங்கினார், யார் எங்கே போய் வந்தார், யார் என்ன சாப்பிட்டார். ஒவ்வொரு செய்திக்கும் எல்லோரும் மூன்று முறை கைதட்ட வேண்டும். தட்டாதவர் பொறாமைக்காரர். ஒரு நாள் பெயின்ட் பிரிவு லட்சுமணன் முந்தின நாள் நெத்திலிக் குழம்பு சாப்பிட்டதற்குக் கம்பெனியே மூன்று முறை கைதட்டியது. லட்சுமணன் அன்றெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். மறுநாள் வீட்டில் பழைய சோறுதான் என்றாலும் இறால் என்று எழுதிக்கொடுத்தார்.

இந்த மகிழ்ச்சியெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. பிரஸ் மிஷின்களின் முன்னால் கை உள்ளே போகாமல் தடுக்கும் காப்புத் தகடு ஒன்று இருக்கும். அது இருந்தால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். கழற்றச் சொல்லி உத்தரவு வந்தது. உத்தரவைக் கொண்டுவந்தவர் கிருஷ்ணப்பன்.

"இதிலெல்லாம் பயப்படக் கூடாது. நண்பர்கள் சூழ வேலை செய்கிறவருக்கு என்ன ஆபத்து?" என்றார். அப்போது அங்கே டீ வாளியோடு நின்றிருந்தவள் தாயம்மா. வியாசர்பாடியிலிருந்து வரும் ஒப்பந்தக் கூலி. கேண்டீனைக் கூட்டி, டீ ஊற்றுவாள். நிரந்தரத் தொழிலாளி இல்லை என்பதால் அவளுக்குப் பலகையில் ஆணி கிடையாது.

அந்த வாரமே சௌக்கத் அலியின் வலது கை அச்சுக்கு அடியில் போயிற்று.

சவரிநாதன் மிஷினை நிறுத்திக் கையை வெளியே எடுத்தபோது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தகட்டோடு இருந்தன. முதலுதவிப் பெட்டிக்கு ஓடினார்கள். அது கிருஷ்ணப்பனின் அறையில் பூட்டிக் கிடந்தது. கிருஷ்ணப்பன் நகரத்தில் நட்பைப் பற்றிச் சொற்பொழிவாற்றப் போயிருந்தார். சவரிநாதன் சட்டையைக் கிழித்துக் கட்டி, சௌக்கத் அலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தார். மணலியிலிருந்து வந்த டாங்கர் லாரிக்காரர் கேட்காமலே நிறுத்தி, ஹார்னிலிருந்து கையை எடுக்காமல் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவர் பெயரைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கு எந்தப் பலகையிலும் ஆணி இல்லை.

மறுநாள் காலை ஒலிபெருக்கியில் உறுப்பினர் செய்திகள் வந்தன. சைக்கிள் ஒன்று, கைதட்டல். பெண் பார்த்தது ஒன்று, கைதட்டல். அதே குரல், அதே ராகம்.

"பிரஸ் பிரிவு நண்பர் சௌக்கத் அலி நேற்று இரண்டு விரல்களை இழந்தார்."

கம்பெனி மூன்று முறை கைதட்டியது.

சவரிநாதனும் தட்டினார். பழகிய கை, காது கேட்பதற்கு முன்னால் தட்டிவிட்டது. மூன்றாவது தட்டில்தான் என்ன சொன்னார்கள் என்பது அவருக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சோறு போட்டபோதும் கையைத் தொட்டியில் விட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாயா ஆச்சு? கையில ரத்தமா கீது? நேத்தே போயிட்சே" என்றாள் பிலோமி. பக்கத்து வீட்டு வலையில் கிழிசல் கட்டிக்கொண்டிருந்தாள்.

"கை தட்டிட்டேன் பிலோமி. பாயி வெரலு போனதுக்கு நானும் கை தட்டிட்டேன்."

சொல்லிவிட்டு அழுதார். பென்சிலால் வரைந்தால் ஒழியச் சிரிக்காத அந்த முகம், அழுகைக்கு எந்த உதவியும் கேட்கவில்லை. பிலோமி வலையைக் கீழே வைத்தாள்.

"அழுதுகினு இருந்தா அவனுங்களுக்கு இன்னா நஷ்டம்? தட்ட வெச்சாங்கள்ல, அவனுங்களுக்கு வலிக்கணும். இன்னா பண்ணணும்னு ரோசன பண்ணு."

இந்தக் கதையில் கெட்ட எண்ணம் உதித்த இடம் அதுதான். அது நல்ல எண்ணமாகவே எனக்குப் படுகிறது.

சௌக்கத் அலி கட்டோடு திரும்பி வந்தபோது வாசலில் வாட்ச்மேன் ஓர் ஓலையைக் கொடுத்தார். கவனக்குறைவால் கம்பெனியின் அச்சுக்குச் சேதம் உண்டாக்கியதற்காக வேலை நீக்கம் செய்ய உத்தேசம், உள்விசாரணை நடக்கும் என்று எழுதியிருந்தது. அவருக்கு அந்த ஒரு வேலைதான் தெரியும். இனி வேறு எந்தக் கம்பெனியும் மூன்று விரல் கையைச் சேர்த்துக்கொள்ளாது. இந்த வேலை போனால் அவர் குடும்பம் தெருவுக்கு வரும். அது கிருஷ்ணப்பனுக்கும் தெரியும். விசாரணை அதிகாரி அவரே.

விசாரணை கேண்டீனில் பலகைக்குக் கீழே நடந்தது. முதல் சாட்சி சவரிநாதன்.

"காப்புத் தகட கழட்டச் சொன்னாங்க சார். நான் பக்கத்து மிஷினு. ரெண்டு கண்ணால பாத்தேன்."

கிருஷ்ணப்பன் ஒரு குச்சியால் பலகையில் நூலைத் தொட்டுக் காட்டினார்.

"நீங்கள் சௌக்கத் அலியின் பதிவு பெற்ற நண்பர். நண்பர் நண்பருக்குச் சாதகமாகவே பேசுவார். சாட்சியம் செல்லாது."

அடுத்து லட்சுமணன். நெத்திலிக் குழம்புக்காரர்தான். ஆனாலும் அன்று துணிந்து, "நானும் பாத்தேன் சார்" என்றார்.

"உங்களுக்கும் சௌக்கத் அலிக்கும் நூல் இல்லையே. நண்பரல்லாத ஒருவரை நீங்கள் எதற்காகப் பார்த்தீர்கள்? உள்நோக்கம் தெரிகிறது. செல்லாது."

தாயம்மா டீ வாளியை டொம்மென்று வைத்தாள். "நா இருந்தேன் சார். நீதான வந்து கழட்டச் சொன்ன. தோஸ்துங்க கீற எடத்துல இன்னா பயம்னு சொன்ன. இந்தக் காதால கேட்டேன்."

கிருஷ்ணப்பன் பலகையை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பார்த்தார். உண்மையிலேயே தேடினார்.

"இந்த அம்மாள் பலகையில் இல்லை. பலகையில் இல்லாதவர் இந்த வளாகத்தில் இல்லை. இல்லாதவர் பேசியது நடவடிக்கைக் குறிப்பில் ஏறாது."

"அப்போ நா ஊத்தின டீய குடிச்சியே, அது இன்னாது?"

அதுவும் குறிப்பில் ஏறவில்லை. முடிவுரையாகக் கிருஷ்ணப்பன் எழுந்து நின்றார். "எனக்குச் சௌக்கத் அலிமேல் தனிப்பட்ட வருத்தம் எதுவும் இல்லை. நீதி என்பது உறவு பார்க்காது. நண்பராக இருக்கிற எவரும், இந்த வழக்கில் பேசவோ விசாரிக்கவோ கையெழுத்திடவோ தகுதியற்றவர். இது நான் வகுத்து, போன வாரமே எழுதி ஒட்டிய விதி. இதிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை."

சவரிநாதன் கையைத் தூக்கினார். நாலு நாளாகப் பிலோமி கேட்கச் சொல்லிப் பழக்கிய கேள்வி அது.

"ஒரு சந்தேகம் சார். அந்தக் கொக்கில இத்தினி நூலு கீதே, அதுல ஒண்ணு பாயி ஆணிக்குத்தான சார் போவுது?"

கிருஷ்ணப்பன் திரும்பிப் பார்த்தார். போயிற்று.

"அப்போ நீங்களும் தோஸ்து. நீங்க எப்டி சார் விசாரிக்கலாம்?"

"அது... அது பொதுவான நட்பு."

"சரி சார். அப்பால இன்னொண்ணு. அந்த மஞ்ச நூலு யாருது சார்? டிஸ்மிஸ் ஆர்டர்ல எம்.டி.தான கையெழுத்துப் போடணும்?"

கேண்டீனில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடக் கிருஷ்ணப்பனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "விசாரணை ஒத்திவைக்கப்படுகிறது" என்றார்.

திங்கட்கிழமை பம்பாய்த் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு டைரக்டர்கள் பலகையைப் பார்க்க வருவதாக இருந்தது. பலகை அவர்களுக்குப் பிடித்துவிட்டால் எல்லாத் தொழிற்சாலைக்கும் அதையே வைப்பார்கள். எம்.டி. பம்பாய்க்கு உயர்ந்து போவார், கிருஷ்ணப்பன் கூடவே போவார். அதற்குள் அந்த மஞ்சள் நூலைச் சத்தமில்லாமல் அவிழ்த்து, வேறு ஏதாவது விரல் முழுசாக உள்ள தொழிலாளியின் ஆணிக்கு மாற்றிவிட வேண்டும் என்று கிருஷ்ணப்பன் முடிவு செய்தார்.

திங்கட்கிழமை காலை, எல்லோரும் மிஷினில் இருந்த நேரம் அவர் கேண்டீனுக்கு வந்தார். நாற்காலி போட்டு ஏறினார். முடிச்சை நகத்தால் கிள்ளினார். பல்லால் கடித்தார். கடலில் மீன் இழுத்தாலும் அவிழாத முடிச்சு அது. எம்.ஏ. படிப்பில் அதற்கு வழி இல்லை. கீழே இறங்கிப் போய் பிளேடு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். சுற்றும்முற்றும் பார்த்தார். ஒருவரும் இல்லை. தாயம்மா மட்டும் பெஞ்சுக்கு அடியில் கூட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தார். அவள் பலகையில் இல்லாதவள். நிம்மதியாக மறுபடி நாற்காலியில் ஏறி நூலை அறுத்தார்.

இல்லாதவள் வாயைத் திறந்தாள்.

"அய்யோ! எம்.டி. நூல அறுத்துட்டான்! வாங்கடா! எம்.டி.யோட தோஸ்த்த அறுத்துட்டான்டா!"

தாயம்மாவின் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. பிரஸ் நின்றது, பெயின்ட் நின்றது. எல்லோரும் வந்து சேர்ந்தபோது கிருஷ்ணப்பன் நாற்காலிமேல், ஒரு கையில் பிளேடும் மறு கையில் மஞ்சள் நூலுமாக நின்றார். இறங்குவதற்கு இடம் விட்டு ஒருவரும் விலகவில்லை. அந்த நேரம் பார்த்து எம்.டி.யும் இரண்டு டைரக்டர்களும் உள்ளே வந்தார்கள்.

"என்ன இது?" என்றார் எம்.டி.

சவரிநாதன் முன்னால் வந்து பவ்வியமாகக் கையைக் கட்டிக்கொண்டார்.

"உங்களுக்கும் பாயிக்கும் இருந்த நட்ப கிருஷ்ணப்பன் சார் அறுத்துட்டாரு சார். விதி ஒம்போதுல, அடுத்தவங்க நூல அறுத்தா பெரிய குத்தம்னு சார்தான் எழுதி ஒட்டிகீறாரு."

டைரக்டர்கள் எம்.டி.யைப் பார்த்தார்கள். திறப்பு விழாப் படம் அவர்கள் கையிலேயே இருந்தது. அதில் எம்.டி.யும் தொப்பி வைத்த ஒரு தொழிலாளியும் மஞ்சள் நூலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "இவர் எங்கே?" என்று ஒரு டைரக்டர் கேட்டார்.

"ஆமாம், என் நண்பர் எங்கே?" என்றார் எம்.டி. பெயர் வரவில்லை. "என் அருமை நண்பர் எங்கே?"

"எதிர்த்தாப்ல டீக்கடைல கீறாரு சார். வாட்ச்மேன் உள்ள விட மாட்டேன்றாரு. நீங்க டிஸ்மிஸ் பண்ணப் போறீங்கன்னு சொல்லிகினு கீறாங்க. நா நம்பல சார். அவரு வெரல்ல முள்ளு குத்துனா உங்களுக்கு ரத்தம் வரும்னு நீங்களே மைக்குல சொன்னீங்க. அவருக்கு ரெண்டு வெரலே போயிட்சி. உங்க கை எப்டி சார் கீது?"

கூட்டம் முழுவதும் எம்.டி.யின் கையைப் பார்த்தது. டைரக்டர்களும் பார்த்தார்கள். எம்.டி. கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

சௌக்கத் அலியை அழைத்து வந்தார்கள். எம்.டி. அவரைத் தழுவிக்கொண்டார். பத்திரிகைக்காரர் இல்லாத குறையைத் தவிர அந்தத் தழுவலில் ஒரு குறையும் இல்லை. பிறகு எம்.டி. பேசினார்.

"என் நண்பருக்கு ஏற்பட்ட விபத்து எனக்கு இப்போதுதான் தெரிகிறது. தெரிந்திருந்தால் நேற்றே வருத்தப்பட்டிருப்பேன். நண்பர் இன்றே வேலையில் சேருகிறார், பழைய சம்பளத்தில், உட்கார்ந்து செய்யும் வேலையில். காப்புத் தகடுகள் உடனே மாட்டப்படும். அவற்றைக் கழற்றச் சொன்னது நிர்வாகம் அல்ல. நிர்வாகம் என்பது நான். நான் சொல்லவில்லை. கிருஷ்ணப்பன் சொன்னபோது நான் அந்த அறையில் இருந்தேன், அவ்வளவுதான்."

நாற்காலியின்மேல் நின்றிருந்த கிருஷ்ணப்பன் என்னவோ சொல்ல வாயெடுத்தார். "நீங்கள் இறங்கலாம்" என்றார் எம்.டி.

விரல்கள் திரும்பி வரவில்லை. அதை யாரும் மறக்க வேண்டாம். கிடைத்தது வேலை மட்டும்தான். மஞ்சள் நூலைச் சவரிநாதனே மறுபடி கட்டினார், இந்த முறை இரண்டு முடிச்சாக.

மறுநாள் டீ இடைவேளையில் யாரும் டீ குடிக்கவில்லை. வரிசையாகப் பலகைக்கு முன்னால் வந்தார்கள். ராயபுரத்து ஆட்கள் முடிச்சை எப்படித் தளர்த்துவதென்று மற்றவர்களுக்குக் காட்டினார்கள். ஒவ்வொருவரும் இரும்புக் கொக்கியிலிருந்து தன் நூலைத் தானே அவிழ்த்து எடுத்துக்கொண்டார். தன் நூலைத் தான் அவிழ்ப்பது குற்றம் என்று எந்த விதியிலும் எழுதவில்லை. இப்படியும் நடக்கும் என்று பம்பாயில் சொல்லித்தரவில்லை போலும். லட்சுமணன் கடைசியாக அவிழ்த்தார். கொக்கி மொட்டையாக நின்றது.

ஐந்து நூலுக்குக் குறைந்தவர் தனித்தோர். டைரக்டர்கள் பலகையைப் பாராட்டிவிட்டுப் போயிருந்தார்கள். விதியை மாற்ற எம்.டி.க்குத் துணிவில்லை. காப்புத் தகட்டுக்கு யாராவது பதில் சொல்லியும் ஆக வேண்டியிருந்தது. சனிக்கிழமை கிருஷ்ணப்பன் தம்முடைய பயிற்சி வகுப்பில் தாமே உட்கார்ந்தார். சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால் சொல்லிக்கொடுக்கவும் செய்தார். தாயம்மா அவருக்கு டீ கொண்டுபோகவில்லை. கேட்டதற்கு, "நாந்தான் இல்லியே" என்றாள்.

கிருஷ்ணப்பன் வில்லைகளை அனுப்பத் தொடங்கினார். முதல் வில்லை சவரிநாதனுக்கு. அவர் ஏற்றுக்கொண்டால் மற்றவர்களும் ஏற்றுக்கொள்வார்கள் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். சவரிநாதன் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிலோமி அதை உப்புக் கிண்ணத்துக்கு மூடியாக வைத்துக்கொண்டாள்.

வாரங்கள் போயின. கிருஷ்ணப்பன் சனிக்கிழமைதோறும் வகுப்பில் உட்கார்ந்தார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் பிரஸ் பிரிவுக்கே வந்துவிட்டார். அங்கே சௌக்கத் அலி ஸ்டூலில் உட்கார்ந்து, வெட்டி வந்த மூடிகளை இடது கையால் அடுக்கிக்கொண்டிருந்தார். மிஷினில் காப்புத் தகடு இருந்தது.

"சவரிநாதன், நான் அனுப்பிய வில்லை..." என்றார் கிருஷ்ணப்பன். தலையை, நலம் விசாரிக்கும்போது சாய்க்க வேண்டிய பக்கத்துக்குச் சரியாகச் சாய்த்திருந்தார்.

"பரிசீலனைல கீது சார்."

"எப்போது முடியும்?"

சவரிநாதன் மிஷினை நிறுத்தினார். சௌக்கத் அலியின் வலது கையைப் பார்த்தார். பிறகு கிருஷ்ணப்பனைப் பார்த்தார்.

"பாயோட ரெண்டு வெரலும் மொளைச்ச அன்னிக்கு சார்."

சொல்லிவிட்டு, விதிப்படி மூன்று முறை கைதட்டினார்.